ஊருக்கெல்லாம் தீபாவளி முடிந்த பின்பு

தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் பண்டிகையை முன்னிட்டு விடுமுறை வருகிறது. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமியிலோ, சிவகாசிக்கும் சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடையில் சிதறிக் கிடக்கும் பட்டாசுக் கிராமங்களிலே, பண்டிகை தீர்ந்த பிறகுதான் விடுமுறை பிறக்கிறது. பாரத தேசம் கொளுத்தி மகிழும் பட்டாசில் பெரும்பகுதியைத் தங்கள் கையால் செய்து, பெட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஐப்பசி அமாவாசைக்குச் சில தினங்கள் முன்னதாகப் போனஸ் பணத்தை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்பும் அந்த ஜனங்களுக்கு, தீபாவளியின் விசேஷம் அன்றைய எண்ணெய்க் குளியலிலும் புதுத் துணியிலும் முடிந்துபோவதில்லை. மறுநாள் முதல் ஆலைக் கதவுகள் சில வாரங்களுக்கு, சில இடங்களில் ஒரு மாத காலம் வரையிலுங்கூட, அடைபட்டுக் கிடக்கும் என்பதிலேதான் அதன் மெய்யான விசேஷம் இருக்கிறது. அந்த அவகாசத்திலேயே இவ்வட்டாரத்துத் தகப்பன்மார் தம் பிள்ளைகளின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் சாவகாசமாகப் பார்க்கிறார்கள். குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் வேன்கள் புறப்படுவதும் அப்போதுதான்.

ஆலங்குளம் என்றால் தென்காசிச் சீமையிலுள்ள பெரிய ஆலங்குளத்தையே பலரும் நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது வேறு; ராஜபாளையம், சிவகாசி, சாத்தூர் ஆகிய மூன்று ஊர்களுக்கும் நடுவாந்திரமாக, வெம்பக்கோட்டை வட்டத்தில், அரசு சிமெண்ட் ஆலையினால் பெயர் பெற்ற ஆலங்குளம். 1970ஆம் ஆண்டையொட்டி உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, 1976இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் என்னும் அரசு ஸ்தாபனம் உண்டானபோது அதன் கைக்கு வந்தது. மாதச் சம்பளமும், ஷிப்டு முறையும், ஆலைச் சங்கின் ஒழுங்கும், குவார்ட்டர்ஸ் வீடும் உடைய ஒரு வாழ்க்கை இவ்வூரின் ஒரு பாதியில் நடந்துகொண்டிருக்க, மறு பாதியிலும் சுற்றுக் கிராமங்களிலும் செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில் பட்டாசும் தீப்பெட்டியும் ஜீவனமாக இருந்து வருகின்றன. சிமெண்ட் ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பா எந்த வாரம் பகலில் வீட்டில் இருப்பார் என்பது தெரியும். பட்டாசுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஐப்பசி வந்தால்தான் தெரியும்.

மழை குறைந்த தேசம் இது. கரிசல் மண், ஒரு மழை கண்டால் காலைப் பிடித்து இழுக்கும். வெயில் கண்டால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் சோளமும் கொடுத்த வருமானம் வயிற்றுக்குப் போதாமையால் வேறு பிழைப்புத் தேடிய இச்சீமைக்கு, அந்தப் பிழைப்பே ஒரு பிரயாணத்தினால்தான் வாய்த்தது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1922ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு மறு வருஷம் ஊர் திரும்பினார்கள். மழை இல்லாத வறண்ட காற்று, விவசாயத்துக்குச் சாபமாக இருந்தது, தீக்குச்சி உலர்வதற்கு அநுகூலமாயிற்று. தீப்பெட்டியைப் பின்தொடர்ந்து மத்தாப்பும் பட்டாசும் வந்தன. பட்டாசுப் பெட்டிக்கு வர்ணச் சித்திரம் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சுத் தொழிலும் வந்தது. பண்டித ஜவாஹர்லால் நேரு சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று அழைத்ததாகச் சொல்லிச் சொல்லி ஊரார் இன்றும் பெருமைப்படுகிறார்கள். அந்தப் பெயரின் மறுபக்கத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

இங்கே ஒரு குடும்பத்தின் சாதாரண தினம் எப்படிக் கழிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆலங்குளத்தை அடுத்த ஒரு கிராமத்தில், புருஷனும் மனைவியும் இருவருமே பட்டாசு ஆலைக்குப் போகிற வீடு. புருஷனைப் பெற்ற தாயாரும், மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றும் உடன் இருக்கிறார்கள். இவ்வட்டாரத்தார் ஆலையை ஆலை என்று சொல்லுவதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ் என்பதுதான் வழக்கு. பயராபீஸ் வேன் விடிந்ததும் விடியாததுமாகத் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். மருந்துக் கலவை வெயில் ஏறுவதற்கு முன்னால், காலைக் குளிர்ச்சியிலேயே நடந்து முடிய வேண்டும் என்பது இத்தொழிலின் முதல் விதி. ஆகையால் வீட்டுக்காரி நாலு மணிக்கே எழுந்து, உலை வைத்து, தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்து, தூங்குகிற குழந்தையின் கலைந்த தலைமயிரை ஒதுக்கிவிட்டுப் புறப்பட்டுப் போய்விடுவாள். குழந்தை கண் விழிப்பதை அவள் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாமே என்றால், அன்று துணி துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் ரேஷன் கடைக்கு நடக்கவுமே பொழுது சரியாகப் போய்விடும்.

அவளுக்கு வேலை தரைச்சக்கரம் சுற்றும் அறையில். சுற்றிய எண்ணிக்கைக்கே கூலியாதலால் கை ஓய்ந்தால் வருமானம் ஓய்ந்துவிடும். புருஷனுக்கு மருந்து செலுத்தும் வேலை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த அந்த மருந்தில் அலுமினியப் பொடிக்கு ஒரு சுபாவம் உண்டு: மாவைவிட நைஸாக அரைபட்டிருப்பதால் அது தோலில் படிந்தால் இலேசில் போகாது. சாயங்காலம் வேனிலிருந்து இறங்குகிற மருந்துக்காரனைப் பார்த்தால், வெள்ளியை உருக்கி வார்த்த விக்கிரகம் ஒன்று லுங்கி கட்டிக்கொண்டு தெருவில் நடந்து வருவது போலிருக்கும். புருவம், காதுமடல், கழுத்துச் சுருக்கம் எல்லாம் பளபளக்கும். அப்பாவைக் கண்டதும் குழந்தை வாசற்படியிலிருந்து குதித்து ஓடிவரும். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்றே சொல்லுவான்: "கிட்ட வராத தாயி, அப்பா குளிச்சிட்டு வந்து தூக்கிக்கிறேன்." பிறகு கொல்லையில் வாளித் தண்ணீரின் முன் உட்கார்ந்து, தேங்காயெண்ணெய் தடவி, சோப்புப் போட்டு, துணியால் அழுத்தித் தேய்த்து, நகக்கண்ணைக் குச்சியால் சுரண்டி அவன் குளித்து முடிப்பதற்குள், குழந்தை அப்பத்தாவின் மடியில் பாதித் தூக்கத்துக்குப் போய்விட்டிருக்கும். நகக்கண்ணில் வெள்ளி அப்படியும் மிஞ்சித்தான் இருக்கும்.

இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் ஞாபகம் வராமற் போவதில்லை. பிள்ளைப் பருவத்தின் ஒவ்வொரு அசைவையும் பார்த்துப் பார்த்துப் பாடிய மகான் ஒருவர் அவ்வூரிலேதான் வாழ்ந்தார். விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வார், பெருமாளுக்கு மாலை கட்டுவதைக் கைங்கரியமாகக் கொண்டிருந்தவர். துளசி வனத்தில் கண்டெடுத்த பெண் சிசுவைத் தம் மகளாக வளர்த்தார், அவளே பின்னாளில் ஆண்டாளாக விளங்கினாள் என்பது சம்பிரதாயம். அவர் தம்மை யசோதையாகப் பாவித்துக்கொண்டு கண்ணனைப் பாடிய திருமொழியில், தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று குழந்தையின் வளர்ச்சி படிப்படியாக நடக்கிறது. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்று தனி இலக்கிய வகை கிளைத்ததற்கு வித்து அங்கே இருக்கிறது என்று கற்றோர் சொல்லுவர். அப்பருவங்களில் புறம்புல்கல் என்பதும் ஒன்று. உட்கார்ந்திருக்கும் தாயின் முதுகுப்புறமாகக் குழந்தை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் விளையாட்டு. உலகத்துக் காவியங்களில் யுத்தத்துக்கும் சிருங்காரத்துக்கும் எத்தனையோ சர்க்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்க, முதுகின்மேல் வந்து விழும் ஒரு குழந்தையின் பாரத்துக்கென்று ஒரு பதிகத்தையே ஒதுக்கிய கவியின் மனத்தை என்னவென்று சொல்லுவது! அவர் பாடிய ஸ்தலத்திலிருந்து சிறிது தூரத்திலேயே, அந்தப் புறம்புல்கலுக்கு அஞ்சி ஒரு தகப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நிற்கிறான். வாத்ஸல்யத்தில் அவன் ஆழ்வாருக்குக் குறைந்தவன் என்று யார் சொல்ல முடியும்?

குட்டி ஜப்பானின் மறுபக்கத்தைச் சொல்லுவதாக மேலே ஒரு வாக்குக் கொடுத்தேன். அதற்கு அந்த வீட்டுக் கிழவியைக் கேட்பதே உத்தமம். இன்று பேத்தியைத் தொடையில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும் அந்த அப்பத்தாளுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். தன் பால்யத்தைப் பற்றி அவள் சொன்னது இவ்வளவுதான்: "எங்கம்மா என்னத் தூக்கத்தோட தூக்கி பஸ்ஸுல போட்டுருவா. முழிச்சுப் பாத்தா தீப்பெட்டி ஆபீஸு. மறுபடி இருட்டுனப்பறந்தான் வீட்டப் பாப்பேன்." ஆலை பஸ்கள் வைகறைக்கும் முன்னால் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளைப் பொறுக்கி வந்த காலம் அது. மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவதற்கும், பெட்டிக்குக் காகிதம் ஒட்டுவதற்கும் சிறிய விரல்களே தோது என்று நியாயம் சொன்னார்கள். பெற்றவர்களும் அதை மறுக்கவில்லை; மறுக்கிற நிலையிலா அவர்கள் இருந்தார்கள்? ஒரு விசித்திரத்தையும் கவனிக்க வேண்டும். இதே மாவட்டத்துத் தலைநகரில் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி பிறந்த காமராஜர், முதன் மந்திரியாக இருந்து, பள்ளிக்கூடத்துக்கு வரும் ஏழைப் பிள்ளைக்கு மத்தியானச் சோறு போடும் திட்டத்தை 1956இல் ராஜ்யமெங்கும் தொடங்கி வைத்தார். அதற்குப் பிந்திய முப்பது வருஷங்களுக்கும் மேலாக அவருடைய சொந்தச் சீமையிலேயே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்தச் சோற்றுக்குப் போகாமல் ஆலைப் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு, முறைப்படுத்தல் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. சலம் பென்னூர்கர் எடுத்த "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்ற ஆவணப்படம் 1990இல் வெளிவந்து, வெளியூர்க்காரர் கண்களையும் திறந்தது. வக்கீல் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதினாயிரம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அந்தக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் விதித்தது. சட்டமும் கோர்ட்டும் பள்ளிக்கூடமும் சத்துணவும் இயந்திரத் தீப்பெட்டியும் எல்லாம் சேர்ந்து, கொஞ்சங்கொஞ்சமாக அந்தப் பஸ்களைக் குழந்தைகள் இல்லாமல் ஓடும்படி செய்தன. எந்த ஒன்றுக்கு எவ்வளவு பங்கு என்று நிறுத்துப் பார்ப்பது என் வேலையன்று. கிழவி ஏறிய பஸ்ஸில் அவள் மகன் பதினெட்டு வயதுக்குப் பிறகே ஏறினான். பேத்தி அங்கன்வாடிக்குப் போகிறாள். மூன்று தலைமுறையில் நடந்த மாற்றம் இவ்வளவு.

ஆனால் இழந்ததை இழந்தவளுக்குத் திருப்பித் தருகிற கோர்ட்டு எங்கும் இல்லையே. அந்தக் கிழவி பேத்தியைக் கொஞ்சுகிறபோது அதில் ஒரு பேராசை தெரியும். சொப்பு வைத்து விளையாடச் சொல்லிக் கொடுக்க அவளுக்குத் தெரியாது, விளையாடியிருந்தால் அல்லவா தெரியும்; பேத்தியிடமிருந்து அவளே கற்றுக்கொள்கிறாள். வெம்பக்கோட்டைக்கு அருகே, வைப்பாற்றின் வடகரையில், விஜயகரிசல்குளத்து உச்சிமேட்டில் 2022 மார்ச்சு முதல் தொல்லியல் துறையார் தோண்டியெடுத்த பொருள்களில் சங்கு வளையல்களோடும் கண்ணாடி மணிகளோடும் ஏராளமான சுடுமண் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பொம்மைகளும் அகப்பட்டிருக்கின்றன. ஆக, இந்த மண்ணில் பிள்ளைகள் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே பாண்டி ஆடியிருக்கிறார்கள்! இடையில் வந்த ஒரு தலைமுறைதான் சில்லைத் தொடாமல் வளர்ந்தது.

இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு விடுமுறை வருவதென்றால் அது லேசான சமாசாரமாக இருக்க முடியாது. தீபாவளி மறுநாள் காலையில் ஹாரன் சத்தம் கேட்பதில்லை. பழக்கத்தினால் நாலு மணிக்கே விழிப்புக் கொடுத்துவிட்ட அந்தத் தாய், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் குழந்தையின் பக்கத்திலேயே மறுபடி படுத்துக்கொள்கிறாள். ஆறு மணிக்கோ ஆறரைக்கோ குழந்தை புரண்டு, முகத்தைச் சுளித்து, ஒரு கண்ணை மாத்திரம் திறந்து பார்த்து, அம்மா இருப்பதை நம்பாமல் மூடிக்கொண்டு, பிறகு இரண்டு கண்ணையும் திறக்கும். அதைச் சொல்லும்போது அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்று எழுதினால் வாசகருக்கு ரசமாக இருக்கும். மெய்யாக நடந்தது, அவள் சிரித்துவிட்டு, "முழிக்கையில அம்புட்டுச் சோம்பேறி, அவுங்க அப்பாவப் போலயே" என்றாள்.

பிரயாணத்துக்கு வேண்டிய பணம் போனஸிலிருந்து வருவதில்லை. போனஸ், கடனுக்கும் துணிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் சரியாகிவிடும். தெருவில் விவரமான ஒருத்தர் டூர்ச் சீட்டுப் பிடிப்பார். இருபது முப்பது குடும்பங்கள் வாரந்தோறும் ஒரு சிறு தொகையை அவரிடம் செலுத்தி வரும். வருஷக் கடைசியில் அந்தப் பணத்தில் வேனோ பஸ்ஸோ பேசுவார்கள். டிரைவர் படி, சமையல் சாமான், தங்குமிடம் எல்லாம் சீட்டுக்காரர் பொறுப்பு. பெட்டி ஏற்றுவதற்கு முன்னால் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். நானும் அதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். "மூணு வயசுப் பிள்ளைக்குக் குத்தாலம் என்ன ஞாபகமா இருக்கப்போவுது? பள்ளிக்கூடம் போற வயசுல கூட்டிட்டுப் போனாப் போதாதா?" தர்க்கத்துக்கு அது சரியான கேள்விதான். மூன்று வயதில் கண்ட அருவி பெரும்பாலும் குழந்தையின் ஞாபகத்தில் தங்குவதில்லை. ஆனால் அந்தப் பிரயாணம் குழந்தைக்காகவா நடக்கிறது? தூங்கும் குழந்தையை விட்டுப் போய்ப் பாதித் தூக்கத்திலிருக்கும் குழந்தையிடம் திரும்பி வருவதே வருஷம் முழுவதும் விதியாக அமைந்துவிட்ட ஒரு தாய்தகப்பனுக்கு, கண் விழிக்கிற நேரம் முதல் மறுபடி கண் அயர்கிற நேரம் வரையில் ஒரு முழுத் தினத்தைத் தங்கள் குழந்தையோடு இடைவிடாமல் கழிப்பது என்பது, குற்றாலத்தைக் காட்டிலும் அபூர்வமான காட்சி. குழந்தை எதற்கெல்லாம் பயப்படும், எதைப் பார்த்தால் வாயைப் பிளக்கும், மத்தியானம் எத்தனை மணிக்கு அதற்குப் பிடிவாதம் ஏறும் என்பதெல்லாம் அப்பத்தாளுக்குத் தெரியும். பெற்றவர்களுக்கு வேனிலேதான் தெரிய வருகிறது. ஊரில் இருந்தபடியே இதைச் செய்துகொள்ளலாமே என்று கேட்பவர்கள், வீட்டில் இருக்கும் பெண்பிள்ளையின் கைக்கு வேலை ஓய்வதே இல்லை என்பதை அறியாதவர்கள். அவளை அடுப்பிலிருந்து பிரிப்பதற்கு நூறு மைல் தூரமாவது வேண்டியிருக்கிறது.

வழக்கமான பாதை இது. முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்து, ராஜ்ய சர்க்காரின் முத்திரையிலே இடம்பெற்றிருக்கும் அந்தப் பதினொரு நிலைக் கோபுரத்தைப் பிள்ளைகளுக்கு அண்ணாந்து காட்டிவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கூடவே வலப்புறம் வைத்துக்கொண்டு ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகவோ கடையநல்லூர் வழியாகவோ தென்காசி போய்ச் சேருவார்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளுமாதலால், ஆனி ஆடிச் சாரல் இல்லாவிட்டாலும் அருவியில் தண்ணீருக்குப் பஞ்சம் இராது. சில வருஷம் வெள்ளம் மிகுந்து போலீசார் குளிக்கத் தடை போட்டுவிடுவதும் உண்டு, அப்போது வேன் முழுவதும் கரையில் நின்று பார்த்துவிட்டுப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும். பேரருவி அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் மனிதர் தலையைக் கொடுத்து நிற்க முடிவதற்குக் காரணம், பாதி வழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து வேகம் தணிந்து பொங்கி வழிவதுதான். சிறு குழந்தைக்கு அதுவும் ஆகாது. புலியருவியிலோ சிற்றருவியிலோதான் அதை நனைக்க வேண்டும்.

அப்படி ஒரு புலியருவிக் குளியலை நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் அந்த மருந்துக்காரன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வீட்டை விட்டுப் புறப்படும்போதே ஆலை மூடிச் சில நாட்கள் ஆகிவிட்டபடியால் நகக்கண் வெளுத்துப்போயிருந்தது. வெளுத்தது என்றால் வெள்ளி நீங்கிச் சாதாரண அழுக்கு வந்திருந்தது. குழந்தை முதலில் தண்ணீருக்குப் பயந்து அப்பத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு என்ன தோன்றிற்றோ, தத்தித் தத்திப் போய்ப் பின்பக்கமாக அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் ஏறிவிட்டது. அவன் பழக்கதோஷத்தினால், "வராத தாயி" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். கரையிலிருந்த கிழவி, "ஏன்டா, இப்ப என்ன ஒட்டப்போவுது, வரட்டும்" என்று ஒரு அதட்டல் போட்டாள்.

குற்றாலத்திலிருந்து திருச்செந்தூர். தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் சூரசம்ஹாரம் என்பதால், சீக்கிரம் புறப்படுகிற வேன்கள் அந்தக் கூட்டத்திலே போய்ச் சேரும். புத்திசாலிகள் கூட்டம் வடிந்த பிறகு போவார்கள். கரிசல் காட்டுப் பிள்ளைக்குக் கடல் என்பது விளக்கிச் சொல்ல முடியாத வஸ்து. அவ்வளவு தண்ணீரையும் பார்த்துவிட்டு, "யாரு தொறந்து விட்டா?" என்று கேட்ட பிள்ளையை எனக்குத் தெரியும், வாரம் இருமுறை மட்டும் குழாயில் தண்ணீர் வருகிற தெருவில் பிறந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? கடலுக்கு எட்டிப்பிடிக்கிற தூரத்தில் நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிற அதிசயத்தைப் பெரியவர்கள் வியந்துகொண்டிருக்க, பிள்ளைகள் மணலில் குழி பறிப்பதை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே வரும்போது, இந்த விடுமுறைக்குக் கூலி கிடையாது என்பதை மறைத்துவிட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். செய்த வேலைக்குக் கூலி என்ற கணக்கில், ஆலை மூடிய நாளெல்லாம் வருமானம் இல்லாத நாளே. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு பேரியம் உப்பையும் சரவெடியையும் தடை செய்து, வெடிக்கும் நேரத்தை இரண்டு மணியாகச் சுருக்கித் தீர்ப்பளித்ததற்குப் பிறகு, அவ்வருஷம் நவம்பர் முதல் மறு வருஷம் மார்ச்சு வரையில் ஆலைகள் திறக்கப்படாமல் கிடந்தன. அப்போதும் தாய்தகப்பன் வீட்டிலேதான் இருந்தார்கள். பிள்ளைகள் பகல் முழுவதும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அந்த மாதங்களைப் பற்றி இங்கே யாரும் சந்தோஷமாகப் பேசிக் கேட்டதில்லை. நகையை அடகு வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தகப்பனின் மடியில் எந்தக் குழந்தையும் நிம்மதியாக உட்காருவதில்லை. குடும்பத்தோடு கூடியிருப்பது அன்பு ஒன்றினாலேயே நடந்துவிடும் என்று நம்மில் சௌகரியமாக இருப்பவர்கள் பிரசங்கம் செய்வதைக் கேட்கும்போது எனக்குச் சிறிது கோபம் வருவது இதனாலேதான். கூடியிருப்பதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் காசு வேண்டும்.

உயிரும் வேண்டும். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியிலும், 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்திலும் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்துகளை இவ்வட்டாரத்தார் தேதி தவறாமல் சொல்லுவார்கள். புருஷன் பெண்சாதி இருவரும் ஒரே ஆலையில் வேலை செய்வது சகஜமாதலால், ஒரே நாளில் தாயையும் தகப்பனையும் இழந்த பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். பட்டாசு விபத்தில் மாண்ட தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வரையில் கல்விச் செலவை அரசாங்கமே ஏற்கும் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது, நல்ல காரியம். அதற்கு முன்னாலேயே செய்யக்கூடியதும் உண்டு. 1948ஆம் வருஷத்து ஆலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை இருக்க வேண்டும் என்று சொல்லிற்று. வெடிமருந்துக்குப் பக்கத்தில் குழந்தையைக் கொண்டுபோய் வைப்பது மடமை. ஆகவே அறையை ஆலைக்குள் தேடாமல், வேன் வந்து நிற்கிற தெருமுனையிலேயே, வேன் வருகிற நேரத்திலேயே திறக்கிற காப்பகங்களாக அமைத்தால் என்ன? அங்கன்வாடி திறப்பதற்கு நெடுநேரம் முன்பே தாய்மார் போய்விடுகிறார்களே. எல்லா வீட்டிலும் அப்பத்தா இருப்பதில்லை. இருக்கிற அப்பத்தாவுக்கும் முதுகு வலிக்காதா?

பெற்றவரும் பிள்ளையும் பிரிந்திருப்பது இச்சீமையில் ஆலைக்காரருக்கு மட்டும் நேர்ந்ததன்று. காமராஜரின் தாயார் சிவகாமி அம்மையார், மகன் முதன் மந்திரியாகச் சென்னையில் இருந்த காலமெல்லாம் விருதுநகர்ச் சுலோசன நாடார் தெருவிலேயே இருந்தார். மகனின் தியாகத்துக்கு உதாரணமாக இதை மேடையில் சொல்லாதவர் இல்லை. நானும் கை தட்டியிருக்கிறேன். ஆனால் அந்த வீட்டு வாசலில் நிற்கும்போது, தியாகம் செய்தவர் ஒருவரா இருவரா என்ற சந்தேகம் எழுகிறது; பிறர் வீட்டுப் பிள்ளைகளின் பசியைத் தன் பிள்ளை ஆற்றிக்கொண்டிருக்க, அந்தத் தாய் சொந்தப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்த நாட்கள் சொற்பமாகத்தான் இருந்திருக்கும்.

டூர் முடிந்து வேன் ஊர் திரும்பியதும் ஒன்றிரண்டு நாள் துணி துவைப்பதில் போகும். பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து ஆலையில் பூஜை போடுவார்கள். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சுண்டல் கொடுத்து, அடுத்த தீபாவளிக்கு வேண்டிய சரக்கின் முதல் பெட்டியைத் தொடங்குவார்கள். பூஜைக்கு அடுத்த சனிக்கிழமை அந்த வீட்டார் கூலி வாங்கி வந்தபோது சீட்டுக்காரர் நோட்டோடு வாசலில் நின்றார். மருமகள் தயங்கினாள், கடன் இன்னும் பாக்கி இருந்தது. "மொத வாரம் கட்டிரு தாயி, விட்டா அப்பறம் பிடிக்க முடியாது" என்று உள்ளேயிருந்து கிழவி குரல் கொடுத்தாள். இந்தத் தடவை கன்னியாகுமரியையும் சேர்த்துக்கொள்வதாகவும், அதற்காக வாரத்துக்குப் பத்து ரூபாய் கூடுதலாகும் என்றும் சீட்டுக்காரர் சொன்னார். பத்து ரூபாய் எதற்கு, டீசல் விலை அவ்வளவா ஏறிவிட்டது என்று தெருவில் நாலு பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சண்டை பிடித்து, கடைசியில் எட்டு ரூபாய்க்கு இறக்கினார்கள்.